முதல் ஐந்து பதிவுகளும் ஒரு பூசணியும்

தென்தீவுப் பெரும்பூசணி வளர்ப்போர் இணைய மன்றத்தில் 'எங்களைப் பற்றி' என்றொரு பக்கம் உண்டு. அதில் இப்படி ஒரு பத்தி இருக்கிறது:

"மட்டுறுத்துநர்: புதிய உறுப்பினர்களை இன்முகத்தோடு வரவேற்பவர். கணினி நுட்பங்களில் தேர்ந்தவர். எவர் பக்கமும் சாயாதவர். பொறுமையே உருவானவர். உங்கள் முதல் ஐந்து பதிவுகளை அன்போடு பரிசீலித்து, இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அனுமதிப்பார்."

இது நோரீன் ட்ரிஃபெட்டைப் பற்றி எழுதப்பட்டது. எழுதியவர் கிரெய்ம், மன்றத்தை நிறுவி நடத்துபவர், லான்செஸ்டனில் இருக்கும் கணினி வாத்தியார். பத்தியை எழுதிய பிறகுதான் அவர் நோரீனை நேரில் சந்தித்தார். திருத்தியிருக்கலாம். சந்தித்த பிறகு அந்தத் துணிவு அவருக்கு வரவில்லை.

நோரீனுக்கு வயது அறுபத்து மூன்று. ஹியூவான் ஆற்றுக்குத் தெற்கே, எங்கள் ஊர்க் குப்பைக்கிடங்கின் வாசல் அவர் பொறுப்பு. அங்கே ஒரு எடைமேடை, ஒரு தகரக் கூண்டு, ஒரு கெட்டில். காருக்குப் பின்னால் டிரெய்லரை இழுத்து வரும் எவரையும், தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்காமல் அவர் உள்ளே விட்டதில்லை.

"உள்ள என்ன?"

"புல்லு வெட்டினதுதான், நோரீன்."

"புல்லுக்கு அடியில?"

புல் கொட்டக் காசில்லை, மெத்தைக்குக் கட்டணம் உண்டு; ஆகவே புல்லுக்கு அடியில் எப்போதும் ஒரு பழைய மெத்தை இருக்கும். இருபத்திரண்டு வருடம் மெத்தைகளைக் கண்டுபிடித்த ஒருவருக்கு மனித குலத்தின் மேல் என்ன அபிப்பிராயம் இருக்குமோ, அதுதான் அவருக்கும் இருந்தது. ஊரில் அவரைத் திட்டாத ஆள் கிடையாது. ஊர்க் குப்பைக்கிடங்கு தீவிலேயே சுத்தமானது என்று பெருமைப்படாத ஆளும் கிடையாது.

கணினி நுட்பம் என்று பார்த்தால், அவர் ஒற்றை விரலால் தட்டுபவர். அதுவும் நடுவிரலால். சுட்டுவிரல் மேல் ஒரு பூசணி உருண்டதிலிருந்து அது சரியாக மடங்குவதில்லை. பக்கம் சாயாதவர் என்பதோ இன்னும் வேடிக்கை. அவரே போட்டியாளர், மன்றத்தின் சாதனையே அவருடையதுதான். எங்கள் வழக்கப்படி ஒரு பூசணிக்கு அதன் எடையும் வளர்த்தவரின் குடும்பப் பெயரும் சேர்ந்ததுதான் பெயர். ஆகவே அது 412 ட்ரிஃபெட். கல்யாண நாளை மறந்துபோகும் ஆண்கள்கூட 412 ட்ரிஃபெட்டுக்குத் தாய் எது, தகப்பன் எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

இப்படிப்பட்டவரை வாசலில் நிறுத்தியதற்குக் காரணம் அவருடைய கணவர் டெனிஸ்.

மன்றம் தொடங்கிய முதல் வருடம் வாசலே கிடையாது. யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம். ஒரு நாள் யாரோ ஒரு வெளியாள், "பத்தே நாளில் எடை கூட ஓர் அற்புதப் பொடி" என்று ஒரு விளம்பரத்தைப் போட்டுவிட்டுப் போனான். உடம்பு மெலிந்தவர்களுக்கான சத்துப் பொடி அது. மற்ற எந்த மன்றத்திலும் ஐந்து நிமிடத்தில் தூக்கியிருப்பார்கள். எங்கள் மன்றத்தில் அது நான்கு நாள் இருந்தது. பதினோரு பேர் ஒரு செடிக்கு எவ்வளவு போட வேண்டும் என்று அக்கறையாக விசாரித்தார்கள். ஒருவர், பத்து நாளில் எட்டுக் கிலோதான் கூடுமென்றால் அது ஒரு பொடியா என்று கேவலமாகப் பேசினார். டெனிஸ் மட்டும் ஆறு டப்பா வாங்கிவிட்டார், சாக்லேட் சுவையில். வேரில் கொட்டினார். பூசணிக்கு ஒன்றும் ஆகவில்லை. எறும்புகள் நன்றாக இருந்தன.

மறுநாள் நோரீன் கிரெய்முக்குத் தொலைபேசியில் சொன்னது: "தம்பி, உன் கேட்டுக்கு ஆள் இல்ல. நான் நிக்கிறேன்."

அன்றிலிருந்து ஆறு வருடமாக, மன்றத்தில் சேரும் எவருடைய முதல் ஐந்து பதிவுகளும் நோரீனின் கையைத் தாண்டித்தான் போகும். ஐந்தும் அனுமதிக்கப்பட்டால் பிறகு சுதந்திரம்: நினைத்ததை எழுதலாம், படம் போடலாம், மற்றவர்களுக்குத் தனிச்செய்தி அனுப்பலாம். இதெல்லாம் கிரெய்ம் மென்பொருளில் வைத்த விதி. இதற்கு மேல் நோரீன் தன் பங்குக்குச் சில வைத்தார். முதல் பதிவில் தன்னறிமுகம் இருக்க வேண்டும். விதையின் தாய், தகப்பன் பெயர் இருக்க வேண்டும். பூசணியின் படம் ஒன்று கட்டாயம்.

கவனமாகப் படிப்பவருக்கு இந்நேரம் ஓர் ஓட்டை தெரிந்திருக்கும். முதல் பதிவில் படம் வேண்டும். ஐந்து பதிவுக்குப் பிறகுதான் படம் போட முடியும். முப்பத்தெட்டு உறுப்பினர் கொண்ட ஒரு மன்றம் ஆறு வருடமாக இதைக் கவனிக்கவில்லை. காரணம் எளிது. புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் எங்கள் பள்ளத்தாக்குக்காரர்கள். சனிக்கிழமை குப்பை கொட்ட வரும்போது படத்தைக் கையோடு கொண்டுவந்து கூண்டுக்குள் நீட்டுவார்கள். நோரீன் பார்ப்பார், தலையாட்டுவார், பிறகு டிரெய்லரைச் சோதிப்பார். இணைய மன்றம் என்பது அதுதான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த ஏப்ரலில், பூசணித் திருவிழாவுக்கு ஒன்பது நாள் இருக்கையில், கிளெம் ரெயின்பேர்ட் என்பவர் சேர்ந்தார். அவர் எங்கள் பள்ளத்தாக்குக்காரர் அல்ல. டெர்வென்ட் ஆற்றோரம் புஷி பார்க். எங்களிடமிருந்து நூற்றிருபது கிலோமீட்டர். அதாவது வேறு நாடு.

வெள்ளிக்கிழமை காலை டோஸ்டில் வெண்ணெய் தடவிக்கொண்டே நோரீன் அவருடைய முதல் பதிவைப் பார்த்தார். எல்லாம் பெரிய எழுத்தில் இருந்தது. நிறுத்தக்குறி ஒன்றுகூட இல்லை.

"காம்புக்குப் பக்கத்துல ஒரு கோடு விழுந்திருக்கு மூணு வாரம் காஞ்சு கெடந்து ஒரே நாள்ல கொட்டோ கொட்டுன்னு மழை கோடு பெருசாகுது என்ன செய்யணும் யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க"

நோரீன் 'நிராகரி' என்ற பொத்தானை அழுத்தினார். காரணம் எழுத ஒரு சிறு பெட்டி வரும். எழுதினார்: "கத்தாதே. தன்னறிமுகம் இல்லை."

சனிக்கிழமை இரண்டாவது பதிவு வந்தது. "வணக்கம். நான் கிளெம். அறுபத்தேழு வயசு. பூசணி வளக்குறேன். அது பிளக்குது."

நிராகரிக்கப்பட்டது. காரணம்: "படம் எங்கே? விதையின் தாய், தகப்பன் எங்கே?"

ஞாயிறு: "படம் போட இங்க பட்டன் எதுவும் தெரியல மேடம். விதை பன்னித் தொட்டியில கெடச்சுது. பிளவு இப்ப சுண்டுவிரல் நீளம்."

நிராகரிக்கப்பட்டது. காரணம்: "பன்றித்தொட்டி வம்சாவளி ஆகாது. பட்டன் இருக்கும். தேடு."

காம்போரத்துப் பிளவு என்ன செய்யும் என்று நோரீனுக்குத் தெரியாமல் இல்லை. பிளவு சதையோடு நின்றால் பிழைத்தது. உள்ளே விதைக்குழி வரை போய்விட்டால் அந்தப் பூசணி போட்டிக்கு ஆகாது. தராசில் ஏற்றவே மாட்டார்கள், எத்தனை கிலோவாக இருந்தாலும் மாட்டுத் தீவனம். ஆனால் வாசல் என்றால் வாசல். மெத்தையை ஒளித்துக் கொண்டுவருபவனும் அவசரம் என்றுதான் சொல்கிறான்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு, குப்பைக்கிடங்குக் கூண்டில் தேநீரோடு உட்கார்ந்திருந்தபோது நான்காவது பதிவு வந்தது.

"படம் போட முடியல. அதனால எழுதிக் காட்டுறேன். நெறம்: மழையில நின்ன ஆரஞ்சு டிராக்டர். வடிவம்: மத்தியானம் சாப்பிட்டுட்டு சோபாவுல தூங்கிப்போன ஆளு. இடது தோள் தூக்கி இருக்கும், வலது தோள் எறங்கி இருக்கும். சுத்தளவு: நான் கட்டிப் பிடிச்சா பாதி வருது, மீதிக்கு நாயக் கூப்பிடணும். பிளவு: வெள்ளிக்கெழம நகக்கீறல், இன்னிக்கு நடுவிரல் நீளம். டீஸ்பூன் பின்பக்கம் அரை அங்குலம் உள்ள போகுது. இதுக்கு மேல எனக்கு எழுத வராது. நாப்பது வருஷம், பீருக்குப் போடுற ஹாப்ஸ் பூவக் காயவைக்கிற சூளையில வேல பாத்தேன். நான் காயப்போட்டதெல்லாம் யார் யாரோ பேரு போட்ட பீர் பாட்டிலுக்குள்ள போச்சு. என் பேர்ல ஒரு பொருளும் கெடையாது. பூசணிக்கு வளத்தவன் பேரு வைப்பாங்கன்னு கேள்விப்பட்டேன். அதுக்குத்தான்."

நோரீன் தேநீரைக் கீழே வைத்தார். கூண்டுக்கு வெளியே டிரெய்லரோடு காத்திருந்த டெனிஸ் அவர் சொன்னதைக் கேட்டார்.

"டீஸ்பூன உள்ள விட்டுப் பாத்திருக்கான், மடையன்!"

"யாரு?"

"உனக்கு எதுக்கு? உன் வண்டியில என்ன?"

"நம்ம வீட்டுப் புல்லுதான் நோரீன்."

"புல்லுக்கு அடியில?"

டெனிஸ் பேச்சை மாற்றி, திரையை எட்டிப் பார்த்துப் படித்தார். 'வலது தோள் எறங்கி' என்ற இடத்தில் அவருடைய விரல் நின்றது. "இது நம்ம 412 மாதிரி இருக்கே."

"தோள் எறங்கின பூசணி ஊர்ல ஆயிரம் இருக்கு."

"நாய் சேந்தாத்தான் கட்டிப் பிடிக்க முடியுதுங்கறான். நம்ம வீட்டுது இந்த வருஷம் நானூறு தொட்டாலே பெருசு. இவன் வந்தா உன் ரெக்கார்டு போச்சுடி."

நோரீன் அவரைப் பார்த்த பார்வையில், டெனிஸ் தாமாகவே போய்த் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினார். அடியில் மெத்தை இல்லை. பழைய மைக்ரோவேவ் இருந்தது.

அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு நோரீன் பதில் எழுத உட்கார்ந்தார். ஒற்றை விரலால் இருபது நிமிடம். தண்ணீரை நிறுத்துவது, வேரை வெட்டிக் கொடியைத் தளர்த்துவது, நிழல் போடுவது என்று எல்லாம் எழுதி அனுப்பினார். திரையில் ஒரு வாசகம் வந்தது.

"உங்கள் பதிவு பெறப்பட்டது. புதிய உறுப்பினர் என்பதால், மட்டுறுத்துநரின் அனுமதிக்குக் காத்திருக்கிறது."

அவர் அதை மூன்று தரம் படித்தார். பிறகு கிரெய்மைக் கூப்பிட்டார்.

"தம்பி, உன் மெஷினு என்னையப் புது ஆளுங்குது."

கிரெய்ம் சற்று நேரம் எதையோ தட்டிப் பார்த்தார். "நீங்க இந்த ஆறு வருஷத்துல நாலே நாலு பதிவுதான் போட்டிருக்கீங்க, நோரீன். அஞ்சு ஆகல."

"நான் எதுக்குப் போடணும்? நான் கேட்டுல நிக்கிறவ."

"அதான். கேட்டுல நிக்கலாம். உள்ள பேசணும்னா அஞ்சு வேணும்."

"சரி, என்னோடத நானே அனுமதிச்சுக்கறேன்."

"முடியாது. தன் பதிவைத் தானே அனுமதிக்கக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கு."

"எந்த முட்டாள் போட்டான்?"

"நீங்கதான் கேட்டு வாங்கினீங்க. நீங்க தோட்டத்துல இருந்தப்ப உங்க கம்ப்யூட்டர்ல டெனிஸ் ஒக்காந்து, அவரோட சாக்லேட் பொடிக் கட்டுரைய உங்க பேர்ல போட்டு, அவரே அனுமதிச்சாரே, அப்ப."

"அப்ப நீ அனுமதி."

"நான் இப்ப வகுப்புல இருக்கேன், நோரீன். இருபத்தெட்டுப் பேரு என்னைப் பாத்துக்கிட்டு இருக்காங்க. சாயங்காலம் பாக்கறேன். அதுவரைக்கும் அந்த ஆளோட கேள்விய வெளிய விடுங்களேன். மத்தவங்க பதில் சொல்லுவாங்க."

"முப்பத்தெட்டுப் பேரும் முப்பத்தெட்டு வைத்தியம் சொல்லுவானுங்க. மொத ஆளா டெனிஸ் சொல்லுவான்."

போன வருடம் ஒருவர் மன்றத்தில் கேட்டு, டெனிஸ் சொன்னபடி ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கும் மக்கைப் பிளவில் அப்பினார். அந்தப் பூசணி நான்கே நாளில் நாறிப்போயிற்று.

நோரீன் போனை வைத்தார். கிளெமுக்குத் தனிச்செய்தி போகாது, புதியவர். தொலைபேசி எண் தெரியாது. அவருக்கும் கிளெமுக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு பெட்டிதான். அதில் அவர் எழுதினால் அந்த ஆளுக்கு நிச்சயம் போய்ச் சேரும். ஆறு வருடமாக ஒன்றுகூடத் தவறியதில்லை.

நான்காவது பதிவை நிராகரித்தார். காரணம்: "தண்ணீரை நிறுத்து. ஸ்பூனை எடு. காம்புக்கு ரெண்டு பக்கமும் கொடியிலேர்ந்து மண்ணுக்குள்ள போற வேரை வெட்டு. கொடி மேலே எழும்பணும்."

புஷி பார்க்கில் கிளெம் இதைப் படித்தபோது முதலில், மறுபடியும் திட்டு என்று நினைத்தாராம். இரண்டாம் தரம் படித்துவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினார். அரை மணியில் ஐந்தாவது பதிவு.

"வெட்டிட்டேன்."

நிராகரிக்கப்பட்டது. காரணம்: "எத்தனை?"

"ஒரு பக்கம் அஞ்சு, இன்னொரு பக்கம் நாலு. கொடி நிமுந்துக்கிச்சு. கிளம்."

நிராகரிக்கப்பட்டது. காரணம்: "நல்லது. மேலே வெளுத்த பெட்ஷீட் போடு. வெயில் படக்கூடாது. பிளவு மேல போடாதே, காத்து வேணும். உன் பேரையே தப்பா எழுதியிருக்கே."

"ஷீட்டு போட்டாச்சு. பூப்போட்டதுதான் இருந்துச்சு பரவாயில்லையா. பேர விடுங்க."

நிராகரிக்கப்பட்டது. காரணம்: "பூசணிக்குப் பூ தெரியாது. ஈரமா இருக்கா உள்ளே? மோந்து பார்."

எங்கள் மன்றத்தின் வரலாற்றில் ஒரு புதிய உறுப்பினருக்கு இவ்வளவு உதவி கிடைத்ததில்லை. இவ்வளவு நிராகரிப்பும் கிடைத்ததில்லை. அன்று மாலை கிரெய்ம் வகுப்பு முடிந்து வந்து, காத்திருந்த நோரீனின் நீண்ட பதிவை அனுமதித்தார். அது மன்றத்தில் யாரும் போகாத ஒரு மூலையில் தொங்கியது. எந்தக் கேள்விக்குப் பதில் என்று எங்களில் எவருக்கும் புரியவில்லை. கேள்வி இன்னும் வெளியே வரவில்லையே. கிளெம் அந்த மூலைக்கு வழி தெரியாதவர். அவருக்குத் தெரிந்தது நிராகரிப்பு மட்டும்தான், அது அவருக்கு நன்றாகப் பழகிவிட்டது. ஐந்து பதிவு ஆகிவிட்ட நோரீனால் இப்போது தனிச்செய்தி அனுப்ப முடியும். கிளெமால் அதைத் திறக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை காலை எட்டாவது பதிவு. "மோந்து பாத்தேன். நேத்து பூசணி வாசனை. இன்னிக்குப் பழைய பீர் வாசனை. ஓரத்துல நுரை மாதிரி. ஞாயித்துக்கெழம வரைக்கும் தாங்குமா மேடம்? சூளையில இருக்கிற பசங்க லாரியும் ஃபோர்க்லிஃப்டும் தர்றேன்னு சொல்லிட்டாங்க."

நுரை என்றால் அழுகல் தொடங்கிவிட்டது. இதை ஒரு பெட்டிக்குள் எழுதித் தீர்க்க முடியாது. அப்போதுதான் நோரீன் திரையின் ஓரத்தில் சிவப்பாக ஒரு வரியைக் கவனித்தார். ஒரு வாரத்தில் பத்து முறை நிராகரிக்கப்படும் உறுப்பினரை மென்பொருள் தானாகவே முப்பது நாளுக்கு வெளியேற்றிவிடும். ஏழு ஆகியிருந்தது.

எட்டாவதை நிராகரித்தார். காரணம்: "முகவரி எழுது. முழுசா."

கிளெம் எழுதினார்: "புஷி பார்க்கு. எல்லாருக்கும் தெரியும்."

நிராகரிக்கப்பட்டது, ஒன்பதாவது. காரணம்: "எனக்குத் தெரியாது."

பத்தாவது பதிவில் ரோடும் வீட்டு எண்ணும் வாசலில் நிற்கும் உடைந்த படகும் இருந்தன. அதை அனுமதித்துவிட்டால் ஆபத்தில்லை. ஆனால் அனுமதித்தால் காரணம் எழுதப் பெட்டி வராது. நோரீன் நிராகரித்தார். காரணம்: "வர்றேன். கெட்டிலைப் போடு."

மென்பொருள் கிளெம் ரெயின்பேர்ட்டை அந்தக் கணமே வெளியேற்றியது.

எங்கள் தீவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டுமென்றால் ஆட்கள் ராத்தங்கப் பை எடுத்துக்கொள்வார்கள். நோரீன் கூண்டிலிருந்த மின்விசிறி, நீள ஒயர், ஒரு டப்பா கந்தகத்தூள், பழைய பெயிண்ட் பிரஷ், ஒரு தலையணை ஆகியவற்றை ஏற்றினார். குப்பைக்கிடங்கின் வாசலில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டார்: "உங்கள் குப்பை நாளைக்கும் குப்பையாகத்தான் இருக்கும்."

பூட்டும்போது டெனிஸ் வந்தார்.

"எங்க போற?"

"புஷி பார்க்கு."

"புஷி பார்க்கா? இன்னிக்கேவா?" அவர் குரலில், மனைவி கப்பல் ஏறுவது போன்ற கலக்கம். "நோரீன், ஒண்ணு சொல்றேன் கேளு. நீ ஒண்ணும் கெடுக்க வேணாம். சும்மா இருந்தாப் போதும். சும்மா இருந்தா அது தானா பொளந்துக்கும். ரெக்கார்டு நம்ம வீட்டுலயே இருக்கும்."

"அதான் நாலு நாளா சும்மா இருந்தேனே," என்றார் நோரீன். காரைக் கிளப்பினார்.

உடைந்த படகுக்குப் பக்கத்தில் கிளெம் நின்றிருந்தார். குள்ளமான, காய்ந்த மனிதர். காலடியில் ஒரு நாய்.

"நீங்கதான் 'நிராகரிக்கப்பட்டது' மேடமா?"

"நோரீன். எங்க அது?"

பூப்போட்ட படுக்கை விரிப்புக்கு அடியில் அது படுத்திருந்தது. நோரீன் விரிப்பைத் தூக்கினார். தார்ப்பாயைத் தூக்கும் அதே வேகம். பிறகு அப்படியே நின்றார். தூக்கிய இடது தோள், இறங்கிய வலது தோள், காம்புக்குக் கீழே ஒரு குழி. ஆறு வருடத்துக்கு முன் அவர் தன் தோட்டத்தில் தினமும் காலையில் துணியால் துடைத்த உருவம் அது.

"பன்னித் தொட்டின்னியே. எந்தப் பன்னி?"

"என் மச்சினனோடது. அவன் உங்க பக்கத்துத் திருவிழாவுக்கு வந்திருந்தான். போட்டி முடிஞ்சதும் ஜெயிச்ச பூசணியப் பன்னிக்குப் போடக் கொடுத்தாங்கன்னு அறுத்து லாரியில கொண்டுவந்தான். தொட்டியில நாலு விதை மிதந்துச்சு. எடுத்துக் காயவச்சேன். காயவைக்கத்தான் எனக்குத் தெரியுமே. அஞ்சு வருஷம் அலமாரியில கெடந்துச்சு, வேலைய விட்டப்புறம்தான் போட்டேன்."

412 ட்ரிஃபெட்டின் விதைகளை நோரீன் பிஸ்கட் டின்னில் போட்டு, டின்னைப் பீரோவில் பூட்டி, ஐந்து பதிவு முடித்தவருக்கு மட்டும் ஒன்றே ஒன்று என்று கொடுத்துவருபவர். டெனிஸுக்கே ஒன்றுதான். விதையெல்லாம் எடுத்தாயிற்று என்று நினைத்துத்தான் மீதியைப் பன்றிக்குக் கொடுத்தார்.

"இத ஏன்யா மொதல்லயே சொல்லல?"

"சொன்னேனே," என்றார் கிளெம். "திருப்பி அனுப்பிட்டீங்க."

நாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. நோரீன் தலையணையைத் தரையில் போட்டு அதன் மேல் மண்டியிட்டார். நுரையைத் துடைத்தார். அழுகிய ஓரத்தை டீஸ்பூனால் சுரண்டி எடுத்தார். கடைசியில் அந்த ஸ்பூன் ஒரு நல்ல காரியத்துக்கும் பயன்பட்டது. சதை இன்னும் ஒரு விரல்கடை மிச்சமிருந்தது. குழி வரை போகவில்லை. கந்தகத்தூளைக் குழைத்துப் பிரஷால் பூசினார். ஒயரைச் சமையலறை ஜன்னல் வழியாக இழுத்து, மின்விசிறியைப் பிளவைப் பார்க்க வைத்தார்.

"ராவும் பகலும் ஓடணும். நிறுத்தாதே."

"சூளையில ஃபேன் நின்னா எங்கள வேலைய விட்டே தூக்கிருவாங்க, நோரீன். நான் பாத்துக்கறேன். இவன் உங்க பூசணியோட புள்ளையா அப்ப?"

"தாய் 412 ட்ரிஃபெட். தகப்பன் தெரியாது."

"எங்க குடும்பத்துலயும் அப்படி ரெண்டு பேரு இருக்காங்க," என்றார் கிளெம். "டீ ஆறுது, வாங்க."

ராத்தங்கல் தேவைப்படவில்லை. ஆனால் நோரீன் புதன் போனார், வெள்ளி போனார், தூள் பூசினார், மோந்து பார்த்தார். புதன்கிழமை குப்பைக்கிடங்குக்கு வந்து திரும்பிப்போன ஏழு பேரில் இருவர் நகரசபைக்குப் புகார் எழுதினார்கள். நோரீனுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதலாவது. அதைக் கூண்டில் கெட்டிலுக்கு மேல் ஒட்டிவைத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோர்க்லிஃப்ட் கிளெமின் பூசணியைத் தராசில் இறக்கியது. நடுவர் பிளவில் கம்பியை விட்டுப் பார்த்தார். குழிக்கு ஒரு விரல்கடை முன்னால் நின்றது. எடை 427. ட்ரிஃபெட் வீட்டுப் பூசணி 396. நடுவர் அட்டையில் "427 ரெயின்பேர்ட்" என்று எழுதியபோது, கிளெம் அந்த அட்டையை வாங்கி, எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, சரியாகத்தான் இருக்கிறது என்று நோரீனிடம் காட்டினார். டெனிஸ் மட்டும் அன்று முழுவதும், பன்றிகளுக்கு இனிமேல் பூசணி போடக் கூடாது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மன்றத்தில் கிளெமை வாழ்த்தி நாற்பத்தொரு பதிவுகள் வந்தன. அவரால் ஒன்றுக்கும் பதில் சொல்ல முடியவில்லை. முப்பது நாள் தடை. முப்பத்தோராம் நாள் காலை "எல்லாருக்கும் நன்றி" என்று ஒரு பதிவு போட்டார். அது நேரே நோரீனிடம் போனது.

நிராகரிக்கப்பட்டது. காரணம்: "படம் இல்லை."

கிளெம் அடுத்த சனிக்கிழமை நூற்றிருபது கிலோமீட்டர் ஓட்டி வந்து, படத்தைக் கூண்டுக்குள் நீட்டினார். ஒரு ராத்தங்கப் பையும் டிரெய்லரில் கொஞ்சம் புல்லும் கொண்டுவந்திருந்தார். புல்லுக்கு அடியில் ஒன்றும் இல்லை, நோரீன் பார்த்துவிட்டார்.

'எங்களைப் பற்றி' பக்கத்தில் அந்தப் பத்தி இன்னும் அப்படியே இருக்கிறது. கிரெய்ம் போன வாரம்கூடத் திருத்தட்டுமா என்று கேட்டார். நாங்கள் வேண்டாம் என்றோம், என்ன எழுதுவது என்று எங்களுக்கும் தெரியவில்லை. நடந்தது என்னவென்றால், நோரீன் ட்ரிஃபெட் ஒரு புதிய உறுப்பினரின் பதிவுகளைப் பத்து முறை நிராகரித்தார். பத்தாவது முறை குப்பைக்கிடங்கைப் பூட்டிவிட்டுப் புஷி பார்க்குக்குப் போய், தன்னுடைய சாதனையை முறியடிக்கவிருந்த பூசணியின் பிளவை ஞாயிற்றுக்கிழமை வரை தாங்க வைத்தார்.